குட்டியின் லியர் பாடத்துக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

குட்டிக்கு ஆங்கில வகுப்பில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகம் வைத்திருக்கிறார்களாம். உன் பெரியண்ணன் சொன்னான். நீ சொல்லவில்லை. சரி, வேலை இருக்கும். 30 வருஷம் அதே நாடகத்தை நடத்தியவன் என்பதால், அவளுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

போனில் கிடைக்கும் கதைச்சுருக்கத்தைத் தொடவே கூடாது என்று சொல். வாய்விட்டுப் படிக்கட்டும். கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்றும் பார். 1608இல் வந்த குவார்ட்டோ என்ற பதிப்பும் 1623இல் வந்த ஃபோலியோ என்ற பதிப்பும் ஒன்றல்ல. புத்தி பேதலித்த லியர், அங்கே இல்லாத மகள்களை நிறுத்திவைத்து விசாரிக்கும் இடம் குவார்ட்டோவில் மட்டும்தான். இரண்டையும் கலந்து அச்சடித்ததும் உண்டு. பக்கத்துப் பெண்ணின் புத்தகத்தில் இருக்கும் வரி தன்னுடையதில் இல்லையே என்று அவள் பயப்பட வேண்டாம்.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி கண் விழிக்காதே.

முடிவைப் படித்துவிட்டு அழுதாளானால் இதைச் சொல். 1681இல் நாஹும் டேட் என்பவர் கதையையே மாற்றிவிட்டார். அதில் லியரின் கடைசி மகள் கார்டீலியா சாகமாட்டாள், எட்கர் என்ற பிரபு மகனைக் கல்யாணம் செய்துகொள்வாள். கிழவனுக்கு ராஜ்யம் திரும்பக் கிடைக்கும். கோமாளியே கிடையாது. ஏறக்குறைய 150 வருஷம் ஜனங்கள் மேடையில் பார்த்தது அதைத்தான். வகுப்பில் அவர்களைக் கிண்டல் செய்வேன். இப்போது மனசு வரவில்லை.

முதல் காட்சிதான் முக்கியம். என்மேல் யாருக்கு அன்பு அதிகம், சொல்லுங்கள், ராஜ்யத்தில் பாகம் தருகிறேன் என்று லியர் மகள்களிடம் சொல்கிறான். மூத்தவர்கள் இரண்டு பேரும் அளக்கிறார்கள். கடைசிப் பெண் ‘ஒன்றுமில்லை’ என்கிறாள். நீ என் வகுப்பில் இருந்த வருஷம் அந்த வரியை உன்னைத்தான் படிக்கச் சொன்னேன். எப்படிச் சொன்னாய்! கடைசி பெஞ்ச் பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். ஆசிரியர் அறையில் ஒரு வாரம் இதே பேச்சுதான் எனக்கு. உன்னிடம்தான் சொல்லவில்லை. மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாராவது சொல்லிவிட்டால்?

பத்திர விஷயத்தை இதில் இழுக்கப்போவதில்லை. ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா’ என்று நீ போனை வைத்து நாலு மாசம் ஆகிறது. உன் அண்ணன்கள் அன்று நன்றாகவே பேசினார்கள், அவ்வளவுதான் சொல்வேன். அம்மா இருந்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது.

அன்று அந்த வரியைப் படித்துவிட்டு நீ உட்காரவில்லை. ‘சார், சொல்லாதது அவள் தப்பென்றால், கேட்டது யார் தப்பு?’ என்றாய். வகுப்பே சிரிக்கிற மாதிரி நான் ஏதோ சொன்னேன். பரீட்சையில் இதற்கெல்லாம் மார்க் வராது, உட்கார் என்றேன். அப்புறம் லியரின் குறை ஆத்திரம், கார்டீலியாவின் குறை பிடிவாதம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். நீ அதையே எழுதி முதல் மார்க் வாங்கினாய். அதற்குப் பிறகு வகுப்பில் நீ எழுந்து ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. வீட்டிலும்தான்.

நாலாம் அங்கத்தின் கடைசிக் காட்சியைக் குட்டி விட்டுவிடக் கூடாது. நான் ஒவ்வொரு வருஷமும் அதை அவசரமாக முடித்துவிடுவேன். கேள்வி வருவதென்னவோ புயல் காட்சியிலிருந்துதான் என்று சாக்குச் சொல்வேன். அங்கே கிழவன், விஷம் கொடுத்தாலும் குடிக்கிறேன், என்னை வெறுக்க உனக்குக் காரணம் இருக்கிறது என்கிறான். அவள் ‘காரணமில்லை, காரணமில்லை’ என்கிறாள்.

நீ அப்படிச் சொல்ல வேண்டாம். இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. குட்டி அந்தக் கேள்வியைத் தன் வகுப்பில் கேட்டால், ஆசிரியர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதச் சொல். பத்திரம் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அப்பா