தொப்பிச் சின்னத்தின் காதை அறுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தாத்தா 1942-ல் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் லாரி ஓட்டியவர். அவர் தொப்பியில் இருந்த பித்தளைச் சின்னம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. போன சுதந்திர தினத்துக்குத் தம்பி சட்டையில் குத்திக்கொள்ள ஆசைப்பட்டான் என்று, சித்தப்பா அதை ஒரு நகைப் பட்டறையில் கொடுத்தார். பின்பக்கம் இருந்த இரண்டு காதுகளையும், அதாவது தொப்பியில் மாட்டுவதற்கான சின்ன உலோக வளையங்களையும், அறுத்தெடுத்து ஊக்கைப் பற்றவைத்துவிட்டார்கள். அறுத்த காதுகளைக் கேட்டுப் போனேன். உருக்கிவிட்டார்களாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் நிறைய. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பல வருடங்களாக இந்தச் சின்னங்களைச் சேர்க்கிறேன். கையில் வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். காதுகள் தொப்பித் துணியைத் துளைத்து உள்ளே போகும், அவற்றில் காட்டர் பின் என்ற மடித்த கம்பி ஊசியைக் கோத்து இறுக்குவார்கள். சிலவற்றில் காதுக்குப் பதில் நீளமான தகடு இருக்கும், ஸ்லைடர் என்பார்கள். அச்சில் அடித்த சின்னமென்றால் முன்பக்க உருவம் பின்பக்கம் குழிவாகத் தெரியும். வார்த்ததில் அது தெரியாது, பொடிப்பொடிக் குமிழ்கள்தான் இருக்கும். வார்ப்பு என்றதுமே போலி என்று ஒதுக்கவும் கூடாது. போர்க்காலத்தில் இங்கேயே வார்த்தவையும் உண்டு.

முன்பக்கத்தில் கிரீடத்தைக் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசராக இருந்த ஆறாம் ஜார்ஜ் காலத்துக் கிரீடத்தின் மேல் வளைவு உருண்டையாக இருக்கும். நடுவில் குழிந்த கிரீடம் 1952-ல் எலிசபெத் அரசியானதற்குப் பிறகு பிரிட்டிஷ் சின்னங்களில் வந்தது. நாமோ 1950-லேயே குடியரசாகி, கிரீடம் இருந்த இடத்தில் அசோகரின் சிங்கங்களை வைத்துவிட்டோம். அதனால் குழிந்த கிரீடத்தைக் காட்டி "இரண்டாம் உலகப் போரில் நம்மாட்கள் போட்டது" என்று யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள்.

இன்னொன்று, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தாத்தா தினமும் பாலீஷ் போட்டதில் மழுங்கிய இடங்களும், ஓரங்களில் தங்கிய கறுப்பும் அவர் கைபட்ட அடையாளம். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். பழைய பித்தளை என்று எடைக்கும் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் அணிய வேண்டுமானால் ஒரு துண்டுத் துணியில் துளையிட்டு, காதுகளில் பின் கோத்து, அந்தத் துணியைச் சட்டையில் குத்திவிடலாம். கூடவே அவர் பெயர், பட்டாள எண், எந்தப் படை என்பதை ஒரு தாளில் எழுதி அதே பெட்டியில் வையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

ஒரு பட்டாளத்துக்காரரின் பேரன்,
திருமங்கலம்.