ஒரு கிலோ காபிப்பொடி

கும்பகோணம்
5-3-2025

அன்புள்ள சங்கரா,

தோற்றுவிட்டேன். பந்தயப்படி ஒரு கிலோ காபிப்பொடி உனக்குத்தான். ஆஸ்காரின் நாலு நடிப்பு விருதில் நீ சரியாகச் சொன்னது மூன்று, நான் இரண்டு. போனில் சொன்னால் சிரித்தே என்னைக் கொன்றுவிடுவாய் என்றுதான் கடிதம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் மருமகள் சொன்னாள். இதை அவளையே படித்துக் காட்டச் சொல், நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்காராதே. கடைசிப் பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பத்தி வரும். அதை மட்டும் நீயே படித்துக்கொள்.

திங்கட்கிழமை காலை அஞ்சரைக்கே டிகாக்‌ஷன் இறக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என் நோட்டை உனக்குத் தெரியுமே. பழைய டைரி ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஆஸ்காருக்கு முன்னால் கொடுக்கிற விருதுகளுக்கு கோல்டன் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், பிரிட்டனின் பாஃப்டா, அமெரிக்க நடிகர் சங்கம் என்று நாலு கட்டம். யார் எதை வாங்கினாலும் சிவப்பு மையில் ஒரு டிக். டிக் அதிகம் யாருக்கோ அவருக்கே ஆஸ்கார். இவ்வளவுதான் என் சாஸ்திரம்.

துணை நடிகர் கீரன் கல்கினுக்கும் துணை நடிகை ஸோயி சல்டானாவுக்கும் நாலு கட்டமும் நிரம்பிக் கிடந்தன. அதைச் சொல்ல ஜோசியர் வேண்டாம், நீயும் அவர்களைத்தான் எழுதியிருந்தாய். எனக்கு அதில் வேறு ஒரு கடுப்பு. இரண்டு பேருமே படம் முழுக்க வருகிறவர்கள். இவர்களைத் 'துணை' என்று தள்ளிவிட்டால் பத்து நிமிஷம் வந்து படத்தையே தூக்கிக்கொண்டு போகிற நிஜத் துணை நடிகர் எங்கே போவார்? விருதுக்குச் சுலபமான வரிசை எது என்று பார்த்து தயாரிப்பாளர்களே இடம் போட்டு வைக்கிறார்கள், பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரி.

இப்போது என் மானம் போன கதை. சிறந்த நடிகர் வரிசையில் ஏட்ரியன் பிராடிக்கு மூன்று டிக், திமோத்தி ஷலமேக்கு ஒன்றுதான், நடிகர் சங்கம். சாஸ்திரப்படி பிராடி. அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன். பிப்ரவரி 23ஆம் தேதி நடிகர் சங்கம் ஷலமேக்குக் கொடுத்ததும் மனசு ஆடிவிட்டது. அதற்கு மேல் ஒரு கதையும் கிடைத்தது. மிக இளம் வயதில் சிறந்த நடிகர் ஆஸ்கார் வாங்கியவர் இதே பிராடிதான், 2003இல், 29 வயதில். ஷலமேக்கும் இப்போது 29, இன்னும் சில மாதம் சின்னவர். பிராடியின் சாதனையை பிராடியையே தோற்கடித்து ஒருவன் முறியடிக்கிறான் என்றால் கதை எப்படி இருக்கும் பார்! அந்த ஆசையில் பிராடியை அடித்துவிட்டு ஷலமே என்று எழுதி உனக்கு மெசேஜும் போட்டேன். ஆஸ்கார் ஓட்டுப்பதிவு 18ஆம் தேதியே முடிந்துவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது. பெட்டியைப் பூட்டி ஐந்து நாள் கழித்து வந்த சேதியை நம்பி நான் ஓட்டை மாற்றியிருக்கிறேன்.

கடைசியில் வாங்கியது பிராடிதான். பேசினான் பாரு, ஐந்தரை நிமிஷத்துக்கு மேலே! மேடையேறும்போது வாயிலிருந்த சூயிங்கத்தைத் துப்பித் தன் தோழியிடம் தூக்கிப் போட்டான். இறங்கச் சொல்லி வாத்தியம் வாசித்தால், நிறுத்துங்கள், இது எனக்குப் புதுசில்லை என்கிறான். அந்த ஐந்தரை நிமிஷமும் நான் காபியைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, நடிகைக்காவது சாஸ்திரத்தை விடக்கூடாது என்று டெமி மூரிலேயே நின்றேன். மூன்று டிக். 62 வயதில் முதல் நாமினேஷன். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தயாரிப்பாளர் தன்னைப் 'பாப்கார்ன் நடிகை' என்று சொன்னதை கோல்டன் குளோப் மேடையில் அவர் சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது. மைக்கி மேடிசனுக்கு ஒரே ஒரு டிக், பாஃப்டா. வயது 25. கவரைப் பிரித்தால் மேடிசன். ஒன்றில் சாஸ்திரத்தை மீறித் தோற்றேன், இன்னொன்றில் சாஸ்திரத்தை நம்பித் தோற்றேன். இதற்கு நீ என்ன சொல்வாய்?

தோல்விக்குப் பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினேன். 2019இல் க்ளென் க்ளோஸுக்கு மூன்று டிக், அதுவரை ஆறு முறை வெறுங்கையோடு திரும்பியவர், இந்தத் தடவை நிச்சயம் என்றார்கள். வாங்கியது பாஃப்டாவும் நகைச்சுவைப் பிரிவு கோல்டன் குளோபும் வைத்திருந்த ஒலிவியா கோல்மன். 2021 உனக்கு மறக்காது. சாட்விக் போஸ்மன் 43 வயதில் இறந்துபோய், அவருக்குத்தான் கிடைக்கும் என்று ஊரே நம்பி, வழக்கமாகக் கடைசியில் வரும் சிறந்த படத்தை முன்னால் கொடுத்துவிட்டு நடிகர் விருதைக் கடைசியில் வைத்தார்கள். கவரில் வந்த பெயர் ஆந்தனி ஹாப்கின்ஸ். 83 வயது மனிதர் வேல்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார். மேடையில் வாங்க ஆளில்லை, நிகழ்ச்சி பொசுக்கென்று முடிந்தது. நீயும் நானும் டிவி கெட்டுப்போச்சா என்று போன் பண்ணிக்கொண்டோம். அவரிடம் இருந்தது பாஃப்டா மட்டும்தான். அப்படியானால் பாஃப்டாதான் சாவியா என்றால், 2023இல் அது கேட் பிளான்ஷெட்டுக்குப் போனது, ஆஸ்கார் மிஷெல் யோவுக்கு.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நடிப்புக்கு நாமினேஷன் போடுவது, ஆஸ்கார் கொடுக்கிற அகாடமியின் நடிகர்கள் மட்டும். கடைசி ஓட்டு ஒலிப்பதிவு, எடிட்டிங், ஒப்பனை என்று எல்லாப் பிரிவுக்காரர்களுக்கும் உண்டு, பத்தாயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட. அதிலும் கடந்த பத்து வருஷத்தில் வெளிநாட்டு உறுப்பினர்களை நிறையச் சேர்த்திருக்கிறார்கள். நடிகர் சங்கத்தில் ஓட்டுள்ளவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் அமெரிக்கர்கள். அந்த லட்சம் பேர் அழுததற்கு இந்தப் பத்தாயிரம் பேரும் அழ வேண்டுமா என்ன?

நம்ம தேசிய விருதில் இந்தத் தலைவலியே கிடையாது. நடுவர் குழு கதவைச் சாத்திக்கொண்டு படம் பார்க்கும், பட்டியலும் வெளிவராது, ஒருநாள் பெயரை அறிவிப்பார்கள். பந்தயம் கட்டவே வழியில்லை, சண்டை போடத்தான் வழி. எம்.ஜி.ஆருக்குக் கிடைத்த சிறந்த நடிகர் தேசிய விருது சிவாஜிக்குக் கடைசிவரை கிடைக்காததைப் பேசி ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வாளியைக் கவிழ்த்தாயே.

இந்தப் பத்திதான் உனக்கு மட்டும். மேடிசன் நடித்த 'அனோரா' படத்தை நீ முன்னாலேயே பார்த்துவிட்டாய், நான் பார்க்காமல்தான் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். திங்கள் ராத்திரி வாடகைக்கு எடுத்து, இவள் தூங்கின பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முதல் அரை மணி நேரமும் கை ரிமோட்டிலேயே இருந்தது, எப்போது எழுந்து தண்ணி குடிக்க வருவாளோ என்று. ஆனால் அந்தக் கடைசிக் காட்சி! வெளியே பனி, பழைய கார், அதுவரை எல்லோரிடமும் எகிறிக்கொண்டிருந்த பெண் திடீரென்று உடைந்து அழுகிறாள். வைப்பர் மட்டும் கரக் கரக்கென்று ஓடுகிறது. பாட்டு இல்லை, பெயர்கள் ஓடும்போதும் அந்தச் சத்தம்தான். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டு இருந்திருந்தால் நானும் அந்தப் பெண்ணுக்குத்தான் போட்டிருப்பேன்.

அதற்காக 'படத்தைப் பார்த்தால் போதும்' என்று நீ பீற்றிக்கொள்ளாதே. ரால்ஃப் ஃபைன்ஸ் படத்தையும் பார்த்துவிட்டுத்தானே சிறந்த நடிகர் அவருக்கே என்று அடித்துச் சொன்னாய்? ஒரு கட்டத்திலும் டிக் வாங்காத மனிதர்!

பேரனுக்குப் பரீட்சை, வீட்டில் டிவி பூட்டு. இவளுக்கு முட்டிவலி பரவாயில்லை. பொடி சனிக்கிழமை கூரியரில் வரும். சிக்கரி எவ்வளவு போடச் சொல்லட்டும்? டாக்டர் காபியையே நிறுத்தச் சொல்லியிருந்தால் அதையும் உடனே எழுது, இங்கே குடிக்க ஆள் இருக்கிறது.

உன்,
ராமு