ஸ்னாப்ஷாட்டில் இருந்து தரவுத்தளத்தை மீட்கும்போது என்ன நடக்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "பேக்கப்தான் இருக்கிறதே, நேற்று இருந்தபடி திருப்பிவிடுங்கள்" என்று கேட்டால் நாங்கள் உடனே செய்வதில்லை. முதலில் சில கேள்விகள் கேட்கிறோம். அவசரத்தில் இருப்பவருக்கு அது எரிச்சலாக இருக்கும், புரிகிறது. ஏன் கேட்கிறோம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஸ்னாப்ஷாட் என்பது உங்கள் தரவுத்தளம் ஒரு நொடியில் இருந்த நிலையின் முழுப் பிரதி. அதற்குப் பிறகு பதிந்தது எதுவும் அதில் கிடையாது. இரவு 2 மணி ஸ்னாப்ஷாட்டை மாலை 4 மணிக்கு அப்படியே மீட்டால், கை தவறி அழித்த பட்டியல் திரும்பி வரும். ஆனால் காலையில் இருந்து போட்ட பில், வந்த பணம், திருத்திய முகவரி எல்லாம் போய்விடும். பில் எண்ணும் பின்னால் போகும். ஏற்கெனவே ஒருவருக்கு அச்சிட்டுக் கொடுத்த எண் இன்னொருவருக்கும் விழும். அனுப்பிய மின்னஞ்சலையும் வாங்கிய பணத்தையும் எந்த ஸ்னாப்ஷாட்டும் திரும்ப அழைக்காது.

அதனால் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் மேல் நாங்கள் பழையதைக் கொட்டுவதில்லை. தரவுத்தளங்களை இணையவழி இயக்கித் தரும் அமேசான் ஆர்டிஎஸ் சேவையைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். அதுவும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஸ்னாப்ஷாட்டை மீட்டால், நடப்பில் இருப்பதைத் தொடாமல், வேறு முகவரியில் புதிதாக ஒரு தரவுத்தளம் உருவாகும். அதைத் திறந்து, காணாமல் போன பதிவுகளை மட்டும் எடுத்து நடப்புத் தரவுத்தளத்தில் சேர்க்கிறோம். இது மெதுவான வேலைதான். ஆனால் உங்கள் அன்றைய உழைப்பு பத்திரமாக இருக்கும்.

நாங்கள் விடாமல் கேட்கும் கேள்வி, "எத்தனை மணிக்கு நடந்தது?" ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் லாக் (log) என்ற குறிப்பேட்டில் வரிசையாகப் பதிவாகிறது. அந்த லாக்கை ஸ்னாப்ஷாட்டின் மேல் ஓட்டி, தவறு நடப்பதற்குச் சற்று முன்பு நிறுத்தலாம். பொதுவாக, மீட்கும் நேரத்துக்கு 5 நிமிடங்கள் முன்பு வரை எட்டிவிட முடியும். 3.40க்கு அழிந்தது என்று தெரிந்தால் 3.39க்கு நிறுத்துவோம். "மத்தியானம் எப்போதோ" என்றால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மீட்டெடுத்த தரவுத்தளம் முதலில் மெதுவாகத் திறக்கும். தயார் என்று காட்டினாலும், தரவு சேமிப்பகத்தில் இருந்து கேட்கக் கேட்கத்தான் வருகிறது. முக்கியமான அட்டவணைகளை நாங்களே ஒருமுறை படித்துவிட்டு உங்களிடம் கொடுப்பது அதற்காகத்தான்.

பேக்கப் எடுத்தால் போதாது, மீட்டுப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகள் தவறுதலாக அழிந்தன. தினமும் எடுப்பதாக நம்பிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் எடுக்கப்படவே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. ஒரு பொறியாளர் வேறு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. நாங்கள் ஸ்னாப்ஷாட்டுகளைத் தனியாக மீட்டு, பதிவுகளின் எண்ணிக்கையையும் கடைசிப் பதிவின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஏதாவது அழிந்தது என்று தெரிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு எங்களை அழையுங்கள். அழிந்ததை நீங்களே திரும்பத் தட்டச்சு செய்ய ஆரம்பிக்காதீர்கள். மீட்ட பதிவும் புதிய பதிவும் இரட்டையாகிவிடும். எந்தத் திரையில், எதை அழுத்தியபோது நடந்தது என்று சொன்னால் போதும். யார் அழுத்தினார்கள் என்று நாங்கள் கேட்க மாட்டோம்.

அப்புறம், தானாக எடுக்கப்படும் பேக்கப்புகளை இந்தச் சேவையில் அதிகபட்சம் 35 நாட்கள்தான் வைத்திருக்க முடியும். ஆண்டுக் கணக்கு முடிப்பது, பழைய பதிவுகளை மொத்தமாக நீக்குவது போன்ற வேலையைத் தொடங்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தனியாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைக்கிறோம். நாமாக அழிக்கும்வரை அது இருக்கும்.

அன்புடன்,
தரவுப் பராமரிப்புக் குழு