இருமல் சத்தம்

டேய் மாப்ள,

எட்டு மாசமா உனக்கு ஒரு வரிகூட எழுதல, தப்புதான். நீயும் ஒண்ணும் போன் பண்ணிக் கிழிச்சிடல, அதனால கணக்கு சரியாப் போச்சு. வீட்ல எல்லாரும் நல்லாருக்கோம். பையன் அப்படியே உன்ன மாதிரி, எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசறான். சரி அத விடு, நம்ம நெட்டையப் பத்தி சொல்லத்தான் இப்ப எழுதறேன்.

போன வாரம் அவன் வீட்ல ரெண்டு நாள் தங்கினேன். பட்டாளத்த விட்டு வந்து மூணு வருஷம் ஆச்சு, ஆளு பாக்க நல்லாத்தான் இருக்கான், உன்னோட சைக்கிள் மேட்டர சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சான். ஆனா ராத்திரி பூரா ரேடியோ ஓடுது, ஸ்டேஷன் நின்னு போய் வெறும் கொர்ர்னு சத்தம் வந்தாலும் ஆஃப் பண்ண மாட்டேங்கறான். ஏன்டான்னு கேட்டா சும்மாதான்னான். எனக்கு வேற நல்ல சளி, இருமி இருமி ரெண்டு மணிக்கு மேலதான் கண்ணசந்தேன். ஏதோ தோணி முழிச்சுப் பாத்தா இவன் என் கால்மாட்டுல இருட்டுல உக்காந்திருக்கான். தூக்கிவாரிப் போட்டுச்சு. "இருமல் நின்னுடுச்சே, அதான் பாக்க வந்தேன்"னான்.

அப்பதான்டா எல்லாத்தையும் சொன்னான். அவனோட போஸ்ட்டுக்கு நேரா எதிரியோட போஸ்ட்டாம், காத்து இந்தப் பக்கம் அடிச்சா பேச்சு சத்தம்கூட கேக்குமாம். அங்க ஒருத்தன் குளிர்காலம் முழுக்க இருமிட்டே இருந்திருக்கான். முகமும் தெரியாது, பேரும் தெரியாது. இவனுங்க பங்கருக்குள்ள உக்காந்து "இன்னிக்குக் கொஞ்சம் தேவல போலருக்கே", "யாராச்சும் அவனுக்கு மாத்திரை குடுங்கடா"ன்னு பேசிப்பாங்களாம். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் ஆரம்பிச்ச ஷெல்லடி விடியற வரைக்கும் ஓயல. நம்மாளுதான் தூரம் பாத்துச் சொன்னவன். குண்டு சரியாப் போய் விழுந்துச்சுன்னு எல்லாரும் கத்தினாங்களாம், இவனும்தான். அடுத்த நாள் ராத்திரி காத்து இந்தப் பக்கம்தான் அடிச்சிருக்கு, ஆனா ஒரு சத்தமும் இல்ல. "எதிரியக் கொல்லத்தான்டா போனேன். சளி புடிச்சவனையா கொன்னேன்?"னு கேட்டான். நான் என்னத்தச் சொல்ல, வாயடைச்சுப் போய் உக்காந்திருந்தேன்.

அப்ப அவனுக்கு 22 வயசு. அவன் மொத லீவுல வந்தப்ப நீயும் நானும் என்ன கேட்டோம்னு ஞாபகம் இருக்கா? எத்தன பேர்டான்னு கேட்டோம். அவன் சிரிச்சான், நாம அதப் பெருமைன்னு நெனச்சோம். அதான்டா எனக்கு ஆறவே மாட்டேங்குது.

திரும்பி வந்ததுலேர்ந்து இதப் பத்தியேதான் படிச்சிட்டிருக்கேன். முதல் உலகப் போர்ல கை நடுங்கி, பேச்சு நின்னுபோய்த் திரும்பினவங்களுக்கு ஷெல் வெடிச்ச அதிர்ச்சிதான் காரணம்னு நெனச்சு 'ஷெல் ஷாக்'னு பேர் வெச்சிருக்காங்க, ஆனா பக்கத்துல ஷெல்லே விழாதவனுக்கும் அது வந்திருக்கு. ஓடிப்போனான், கோழைன்னு சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆளுங்க 306 பேர அதுவே சுட்டுக் கொன்னுருக்கு, அதுல சிலருக்காவது இந்த நோய்தான் இருந்திருக்கு. 2006-லதான் மன்னிப்பு குடுத்தாங்க, யாருக்குடா வேணும் அது? சீக்ஃப்ரிட் சசூன்னு ஒருத்தர், வீரப்பதக்கம் வாங்கின அதிகாரி, 1917-ல இந்தச் சண்டைய வேணும்னே இழுத்துட்டுப் போறாங்கன்னு வெளிப்படையா எழுதிட்டாரு. அவர கோர்ட்ல நிறுத்தாம, மனசு சரியில்லன்னு ஸ்காட்லாந்துல கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சுட்டாங்க. அங்க அவரப் பாத்த டாக்டர் ரிவர்ஸ் யாரு தெரியுமா, அதுக்கு முன்னாடி நீலகிரிக்கு வந்து தோடர்களப் பத்தி ஆராய்ச்சி பண்ணி எழுதினவரு! மறந்துடுன்னு சொல்லாதீங்க, பேச விடுங்கன்னு சொன்ன மனுஷன். ஆனா தேறினவங்களத் திரும்ப சண்டைக்கு அனுப்பறதும் அவர் வேலையாத்தான் இருந்திருக்கு, எவ்ளோ கொடும பாரு. சசூனும் திரும்பப் போனாரு. இந்த மனக்காயத்த இன்னிக்கு பிடிஎஸ்டின்னு சொல்றோமே, அந்தப் பேர் டாக்டர்ங்க புக்ல ஏறினதே 1980-லதான், வியட்நாம் போய்ட்டு வந்தவங்க விடாம கேட்டதும் அதுக்கு ஒரு காரணம்.

நெட்ட டாக்டரப் பாக்க ஒத்துக்கிட்டான், ரெண்டு நாளா கெஞ்சின பிறகு. அடுத்த செவ்வாய் நான் கூட்டிட்டுப் போறேன். வியாழக்கிழமை நீ வந்து அவன் வீட்ல தங்கு, வேலை இருக்கு அது இதுன்னு ஆரம்பிக்காத. அவன எதுவும் கேக்காத, அவனா ஆரம்பிச்சா மட்டும் காது குடு. ராத்திரி ரேடியோ சத்தம் தூக்கத்தக் கெடுக்கும்தான், தயவு செஞ்சு நிறுத்திடாத.

நான் கெளம்பறப்ப கேட் வரைக்கும் வந்து, "சளி போயிடுச்சுன்னா போன் பண்ணிச் சொல்லிடு, சொல்லாம இருந்துடாத"ன்னான். தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பண்ணிடறேன்டா.

வியாழக்கிழமை, மறந்துடாத.

உன்
மாப்ள