பட்டை கோல்கீப்பர் கையில் இருக்கும்போது: கால்பந்து நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். நான் கோல்கீப்பர். எங்கள் அணியின் கேப்டனும் நான்தான். 'கேப்டன் மட்டுமே நடுவரிடம் பேசலாம்' என்ற ஏற்பாடு வந்த பிறகு, என்னைப் போன்றவர்களை என்ன செய்வது என்று உங்களில் சிலர் தயங்குவது தெரிகிறது. சிலர் டாஸ் போடும்போதே, "கேப்டன் பட்டையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்களேன்" என்கிறார்கள். சிலர் டாஸ் முடிந்ததும் எங்களை மறந்தே போகிறார்கள். இரண்டுமே ஆட்டத்துக்கு நல்லதில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

விதிமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2024 யூரோ கோப்பையில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா இதைக் கண்டிப்பாகக் கொண்டுவந்தபோது, ஆட்டம் பார்க்கவே நிம்மதியாக இருந்தது. அந்தத் தொடரில் இத்தாலிக்கு டொன்னரும்மா, ஸ்லோவேனியாவுக்கு ஒப்லாக் என்று கோல்கீப்பர்களே கேப்டன்கள். அப்படிப்பட்ட அணிகள், நடுவரிடம் பேசப்போகும் களவீரர் (கோல்கீப்பர் அல்லாத வீரர்) ஒருவரை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று யூஃபா அப்போதே தெளிவாக்கியிருந்தது. அப்புறம் 2025-26 சீசனுக்கான ஆட்டச் சட்டங்களில், அவற்றை வகுக்கும் 'இஃபாப்' வாரியம் இதையே வழிகாட்டுதலாகச் சேர்த்து, விரும்பும் போட்டிகள் பின்பற்றலாம் என்று விட்டது. கோல்கீப்பருக்குப் பதில் களவீரர் பேசுவதற்கான காரணம் யாருக்கும் புரியக்கூடியதுதான். 105 மீட்டர் மைதானத்தில், என் கோல் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கப் பெனால்டி புள்ளிக்கு 94 மீட்டர். அங்கே நடந்த ஃபவுலுக்கு விளக்கம் கேட்க நான் ஓடினால், போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் தொடங்கியிருக்கும், எங்கள் கோல் திறந்து கிடக்கும்.

சரி, அப்படியானால் சிக்கல் எங்கே? கேப்டனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது, ஆனால் அணியின் நடத்தைக்கு அவர் ஓரளவு பொறுப்பு என்கிறது சட்டம் 3. அந்தப் பொறுப்பு என்னிடமே இருக்கிறது. பேசும் உரிமை மட்டும் நடுக்களத்தில் நிற்கும் இன்னொருவருக்குப் போய்விட்டது. எங்கள் பின்களவீரர் ஒருவர் சூடாகிக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் நடுக்கள வீரரிடம் சொன்னால், அந்தச் செய்தி பெரும்பாலும் என்னிடம் வந்து சேர்வதில்லை. அந்தப் பின்களவீரரோ முழு ஆட்டமும் எனக்குப் பத்துப் பதினைந்து அடி முன்னால் நிற்பவர். அவரை அடக்கக்கூடிய ஆள் நான்தான்.

பட்டையை மாற்றச் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோல்கீப்பர் கேப்டன் என்பது விதிவிலக்கோ விபத்தோ இல்லை. 1934 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலியின் கோம்பி, செக்கோஸ்லோவாக்கியாவின் பிளானிச்கா என்று இரு பக்கமும் கோல்கீப்பர்களே கேப்டன்கள். 1982இல் கோப்பையைத் தூக்கிய டினோ சோஃப், 2010இல் கஸியஸ், 2018இல் லோரிஸ், எல்லாரும் கையுறை போட்டவர்கள்தான். முழு மைதானத்தையும் எதிரில் வைத்துப் பார்ப்பவர் அணியில் கோல்கீப்பர் ஒருவரே. யாரைக் கேப்டன் ஆக்குவது என்பது அணியின் முடிவு. நடுவரின் வேலையைச் சுலபமாக்குவதற்காக அதை மாற்றச் சொல்வது முறையில்லை.

இனி, டாஸுக்கு வருவோம். பேசப்போகும் களவீரரின் பெயரையும் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்வதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். அந்த வீரரையும் டாஸுக்கே அழைத்து வரச் சொல்லுங்கள். எதிரணிக் கேப்டனுக்கு அவரைக் காட்டுங்கள், துணை நடுவர்களுக்கும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆட்டத்தின் நடுவில், கையில் பட்டை இல்லாத எட்டாம் எண் வீரர் உங்களிடம் வந்து பேச, எதிரணி "அவருக்கு மட்டும் ஏன் மஞ்சள் அட்டை இல்லை?" என்று கொதிக்கும். அதற்குப் பதில் சொல்ல நீங்கள் இன்னொரு நிமிடம் செலவழிக்க வேண்டியிருக்கும். மாற்று வீரர் இறங்கும்போதும் இதே கதைதான். கேப்டன் வெளியே போனால் பட்டை கை மாறுவது எல்லாருக்கும் தெரிகிறது. பேச நியமிக்கப்பட்டவர் வெளியே போனால் எதுவும் தெரிவதில்லை. அடுத்தவர் யார் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், பத்து விநாடி போதும்.

நான் அதிகம் சொல்ல நினைப்பது பெனால்டி பற்றி. எங்கள் பெனால்டி பெட்டிக்குள் நீங்கள் விசில் ஊதி, கையைப் புள்ளியை நோக்கி நீட்டுகிறீர்கள். தூரம் என்ற காரணம் இப்போது அடிபட்டுப் போகிறது. நானோ ஐந்தாறு அடியில் நிற்கிறேன். நியமிக்கப்பட்டவர் நடுக்களத்திலிருந்து மூச்சிரைக்க ஓடி வருகிறார். இந்த நேரத்தில் நான் யார்? பலமுறை, ஃபவுல் செய்ததாகச் சொல்லப்படுபவனே நான்தான். பந்தைத்தான் தொட்டேன் என்று எனக்குத் தோன்றும், எதிரணி வீரரோ கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டுகொண்டிருப்பார். அப்போது அணிக்காக நானே வாதாடுவது, குற்றம் சாட்டப்பட்டவரே வக்கீல் கோட்டு மாட்டிக்கொள்வது போல. அந்த நேரத்தில் என்னைப் பேச விடாதீர்கள், வருபவரிடம் பேசுங்கள். ஃபவுல் வேறொருவர் செய்தது என்றால், நியமிக்கப்பட்டவர் வருவதற்குள் என்னிடம் ஒரே ஒரு வரி: "நாலாம் எண், தள்ளினார், பெனால்டி." கேப்டனாக எனக்கு அது போதும். மற்ற பத்துப் பேரையும் பெட்டியை விட்டு வெளியேற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்வேன்.

அதன் பிறகுதான் கோல்கீப்பராக என்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். ஒரு பாதத்தின் பகுதியாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும் என்பதும், கம்பத்தையும் வலையையும் தொட்டு அடிப்பவரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றே: இந்த இரண்டு பேச்சையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். தீர்ப்புக்குக் காரணம் கேட்கும் கேப்டனுக்கு "கோட்டுக்குப் போ, இல்லாவிட்டால் அட்டை காட்டுவேன்" என்பது பதிலாகாது. அதேபோல், நேரம் கடத்தும் கோல்கீப்பர் 'நான் கேப்டனாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒளிந்துகொள்ளவும் இடம் கொடுக்கக் கூடாது. அந்தத் தந்திரம் எங்களில் பலருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அந்தப் பெட்டிக்குள் சூடு எவ்வளவு ஏறும் என்பதற்கு 2018 ஏப்ரலில் மாட்ரிடில் நடந்ததே சாட்சி. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் கடைசி நிமிடங்கள். யுவென்டஸுக்கு எதிராக நடுவர் மைக்கேல் ஆலிவர் பெனால்டி கொடுத்தார். கேப்டனும் கோல்கீப்பருமான புஃபோன் எதிர்த்துக் கத்தி, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அந்த அட்டையை நான் குறை சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் அது சிவப்புதான். இதற்கு நேர் எதிர் 2012 யூரோ இறுதியாட்டம். ஸ்பெயின் இத்தாலிக்கு எதிராக 4-0 என்று முன்னிலை. ஸ்பெயின் கேப்டன் கஸியஸ், கோலுக்குப் பக்கத்தில் நின்ற கூடுதல் துணை நடுவரிடம், எதிரணிக்கு மரியாதை கொடுத்து ஆட்டத்தை முடித்துவிடுங்கள் என்று கேட்டது கேமராவில் பதிவானது. அந்த எதிரணியின் கேப்டன் அதே புஃபோன்தான்! கஸியஸ் ஓர் அடிகூட ஓடவில்லை, பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் சொன்னார், அவ்வளவுதான். கோல் கோட்டருகே நிற்கும் அந்தக் கூடுதல் துணை நடுவர்களை இப்போது பெரும்பாலும் பார்க்க முடிவதில்லை. ஆனால் பந்து எங்கள் பக்கம் இருக்கும்போது அந்தப் பாதியின் துணை நடுவர் அருகில்தான் இருக்கிறார். ஆட்டம் நிற்கும்போது கோல்கீப்பர் கேப்டன் அவரிடம் அமைதியாக ஒரு வரி சொன்னால், அதை உங்களுக்குக் கடத்தச் சொல்லி வையுங்கள். கார்னருக்காக நீங்களே எங்கள் பெட்டிக்கு வரும்போது, சட்டையைப் பிடித்திழுக்கும் இருவரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதற்கு விதிமாற்றம் எதுவும் தேவையில்லை.

கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையை உயர்த்திக் கடைசி ஐந்து விநாடிகளை விரல்களால் எண்ணுகிறீர்கள், மீறினால் எதிரணிக்குக் கார்னர். பழைய ஆறு விநாடி விதியை ஊதவே ஆள் இல்லாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். கேப்டன் என்பதற்காக எனக்கு ஒரு விநாடிகூடக் கூட்டித் தர வேண்டாம்.

சிவப்பு அட்டையைப் பற்றி இன்னொன்று. என்னை வெளியேற்றினால், உள்ளே வரும் மாற்றுக் கோல்கீப்பருக்காக ஒரு களவீரர் வெளியே போவார். அந்த வீரர் பேச நியமிக்கப்பட்டவராகவே இருக்கலாம். அப்போது பட்டையும் இல்லை, பேச ஆளும் இல்லை, பெனால்டி வேறு காத்திருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கும் முன் புதிய கேப்டன் யார் என்று கேட்டு, பட்டை அவர் கையில் ஏறும்வரை காத்திருங்கள்.

கடைசியாக, பெனால்டி ஷூட்-அவுட். கூடுதல் நேரமும் முடிந்து, பயிற்சியாளர் எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று என் காதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, டாஸுக்கு என்னைக் கூப்பிடுகிறீர்கள். உங்கள் போட்டி விதிகள் இடம் கொடுத்தால், அதற்கும் அந்த நியமிக்கப்பட்ட களவீரரையே வரவிடுங்கள்.

அன்புடன்,
கேப்டன் பட்டை அணிந்த ஒரு கோல்கீப்பர்