செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25: பூங்கா நிலத்தில் காய்கறிப் பாத்தி

தலைவர் அவர்களுக்கும் பெரியோர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. ஆடிப்பட்டத்துக்கு நாட்டு விதைகளைப் பகிர்ந்துகொண்டோம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளைகளை (கிட்) பலர் வாங்கிப் பயனடைந்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி தெருக்கோடியில் உள்ள ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலத்துக்கே போனது. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள். பழைய விதிகளிலும் இது உண்டு. நம் பகுதியில் அப்படி ஒப்படைக்கப்பட்ட இடம்தான் சீமைக் கருவேலமும் கட்டட இடிபாடுமாகப் பூட்டிக் கிடந்தது.

வாய்மொழி அனுமதி பெற்று உறுப்பினர்கள் அதைச் சுத்தம் செய்தார்கள். ஓரமாகப் பாத்தி கட்டிச் சிறுகீரையும் வெண்டையும் போட்டார்கள். வேலியோரம் பந்தல் போட்டு அவரையை ஏற்றிவிட்டார்கள். மூன்று வாரத்தில் பறித்த முதல் கீரை அங்கன்வாடிக்குப் போனது. அவரை பூவெடுத்த சமயத்தில் கடிதம் வந்தது: பூங்கா, விளையாட்டிடம் தவிர வேறு பயன்பாடு கூடாதாம். பந்தலைப் பிரித்தோம். அன்று பலருக்கும் மனசு ஆறவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த விதி நமக்கு எதிரி அல்ல. அது இல்லையென்றால் அந்த இடத்தில் எப்போதோ கடை எழும்பியிருக்கும். விதியைத் தளர்த்தச் சொல்லி நாம் கேட்கவில்லை. எல்லாருக்கும் திறந்திருக்கும், விற்பனைக்கு அல்லாத காய்கறிப் பாத்தியும் பூங்காவின் ஒரு பகுதிதான் என்று எழுத்தில் சேர்க்கத்தான் கேட்கிறோம். குரோட்டன்ஸ் வைக்கலாம், கத்தரி வைக்கக் கூடாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

2008இல் அறிவிக்கப்பட்ட சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) விவசாயத்துக்கென்று குறித்த பகுதிகள் நகரின் விளிம்பில்தான் இருக்கின்றன. அவையும் நில உபயோக மாற்றம் பெற்று மனைகளாகி வருகின்றன. அந்தத் திட்டத்தின் காலம் 2026 வரைதான். மூன்றாம் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரித்துக்கொண்டிருக்கும் இந்த வேளையில் கேட்காவிட்டால், அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆகவே இக்கோரிக்கையைத் தீர்மானமாகப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மனு நுழைவாயில் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு கதவு எண்ணையும் எழுதுங்கள். பிரித்த பந்தல் கால்கள் சங்க அறையில் பத்திரமாக உள்ளன.

இப்படிக்கு,
செயலாளர்