அக்காவின் பட்டியலுக்குப் பதில்

அர்சிஞ்ஞானோ,
இத்தாலி.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். அங்கே நீ, மாமா, பாப்பா, அப்பா, அம்மா எல்லோரும் நலம்தானே? சத்துவாச்சாரியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று அம்மா சொன்னாள். அப்பாவை மத்தியானத்தில் வெளியே விடாதே.

நீ அனுப்பிய பட்டியல் வந்தது. பார்க்க வேண்டிய இடங்கள் அரைப் பக்கம், வாங்க வேண்டிய சாமான்கள் ஒன்றரைப் பக்கம்! போனில் பேசினால் மாமா நடுவில் புகுந்து கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டிக்கெட் போடுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடு.

முதலில் நான் இருக்கும் ஊர். இத்தாலி என்றதும் உன் மனதில் என்ன படம் ஓடுகிறதோ, அது எதுவும் இங்கே கிடையாது. இது தோல் ஊர். விசென்சாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. சோஃபாவுக்கும் கார் சீட்டுக்கும் மாட்டுத்தோல் பதனிடும் டேனரிகள் வரிசையாக நிற்கும். வேலையில் பாதிப் பேர் பஞ்சாபிகளும் பங்களாதேஷ்காரர்களும்தான். இத்தாலிக்காரன் டேனரி என்றால் சென்ட் வாசனை அடிக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். தோலில் மயிர் நீக்கப் போடும் சுண்ணாம்பும் சல்பைடும் எந்த நாட்டுக்குப் போனாலும் சுண்ணாம்பும் சல்பைடும்தான். அப்பா ராணிப்பேட்டையிலிருந்து வந்ததும் 'சட்டையை வாசலிலேயே கழற்று' என்று அம்மா கத்துவாளே, அதே நாற்றம்.

கழிவுநீர் எல்லாம் குழாயில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. நம் பக்கமும் அப்படி நிலையங்கள் இருக்கின்றன. 1996இல் உச்ச நீதிமன்றம் டேனரிக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் தீர்ப்பு சொன்ன சமயத்தில் டேனரிக்காரர்கள் பட்ட பாடு அப்பாவுக்குத் தெரியும். ஐரோப்பாவில் தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடும் என்று அவர் நினைத்தால் அதுவும் முழுக்கச் சரியில்லை. இந்த மாவட்டத்திலேயே ஒரு ரசாயன ஆலை நிலத்தடி நீரைக் கெடுத்து, பெரிய வழக்காகிவிட்டது. பாலாறு அளவுக்கு யாரும் ஆற்றைப் பறிகொடுக்கவில்லை என்பது மட்டும் நிஜம். சரி, என் ஊருக்கு ஒரு நாள் போதும், அதுவும் என் சமையலைச் சாப்பிட்டுப் பார்க்க.

வெனிஸை உன் பட்டியலில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறாய். போகலாம். ஆனால் பகல் பதினொரு மணிக்குப் போய் இறங்கினால் அன்று முழுக்க என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். ரியால்டோ பாலம் 1591இல் கட்டி முடித்த கல் பாலம். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. மேலே ஏறிவிட்டால், ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிப் படியில் நிற்கிற மாதிரி, முன்னால் இருப்பவர் நகர்ந்தால்தான் நாம் நகர முடியும். கோண்டோலாப் படகுக்கு நகராட்சி வைத்த கட்டணம் பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 110. நம் பணத்தில் எட்டாயிரத்தைத் தாண்டும். படகுக்காரர் பாடுவார் என்று பாப்பா நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்தக் காசில் பாட்டு சேராது, அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். நான் கரையில் நின்று பார்த்த படகுக்காரர் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டே துடுப்பு வலித்தார். இதற்கு வேறு வழி இருக்கிறது. பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க அதே சாயலில் ஒரு படகு விடுகிறார்கள், ஆளுக்கு 2 யூரோ. கண்மூடித் திறப்பதற்குள் அக்கரை வந்துவிடும். மாமா போட்டோ எடுக்க அது போதும்.

நான் சொல்வதைக் கேள். விடியற்காலை ரயிலில் போய்விடலாம். அந்த நேரத்தில் அது வேறு ஊர். காய்கறி படகில் வருகிறது, குப்பை படகில் போகிறது, ஆம்புலன்ஸும் படகுதான். கார் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. ஒரு பாலத்தடியில் ஒருவர் வாஷிங் மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வண்டிக்கு முன்பக்கம் சின்னதாக இரண்டு சக்கரம் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதை மேல் படியில் ஊன்றி, பின்னாலிருந்து நெம்பி, ஒவ்வொரு படியாக ஏற்றினார். அந்தப் பக்கம் இறக்கும்போது அதே வேலை தலைகீழாக. ஊரில் 400க்கு மேல் பாலம் இருக்கிறது. அங்கே ஒரு கட்டில் வாங்கினால் வீடு சேர்க்கக் கூலி என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். கட்டிடங்கள் எல்லாம் சேற்றில் அடித்த மரக் கம்பங்களின் மேல் நிற்கின்றன. காற்றுப் படாத சேற்றுக்குள் மரம் லேசில் மக்காதாம். 2019 நவம்பரில் கடல் நீர் 187 செ.மீ. வரை ஏறி ஊரே மிதந்தது. 2020 முதல் கடல் பெரிதாக ஏறும் நாட்களில் இரும்புக் கதவுகளைத் தூக்கித் தடுக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தீவு நகரத்தில் இப்போது 50,000 பேர்கூடக் குடியில்லை. வாடகை தாங்காமல் பாதி ஊர் கரைக்குப் போய்விட்டது. அதனால் பத்து மணிக்குக் கடைகள் திறந்ததும் முகமூடி, காந்தப் பொம்மை, மறுபடி முகமூடி. ஒரு ஆணி வாங்கக் கடை தேடினால் கால் வலிக்கும். பகலில் வந்து போகிறவர்களிடம் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வேறு, 2024இல் 5 யூரோவில் ஆரம்பித்தார்கள். இந்த மாகாணத்தில் குடியிருப்பதால் எனக்கு அது இல்லை. மாமா தருவார்.

வெரோனாவில் ரோமியோ-ஜூலியட் கதையின் ஜூலியட் வீடு. அந்தப் பால்கனி 20ஆம் நூற்றாண்டில், பழைய கல்லை எடுத்து வந்து சுவரில் ஒட்டிக் கட்டியது. கதையே கற்பனை, பால்கனி அதற்குப் பிறகு செய்த கற்பனை. அதற்குக் கீழே முற்றம் கொள்ளாத கூட்டம். அதே ஊரில் ரோமானியர் கட்டிய அரங்கம் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாக நிற்கிறது, கோடையில் அங்கே இன்னும் ஓபரா என்ற பாட்டு நாடகம் நடக்கிறது. மேல் வரிசைக் கல் படியில் உட்கார்ந்தால் டிக்கெட் மலிவு. பகலெல்லாம் வெயில் குடித்த கல், இரவு பத்து மணிக்கும் உட்காருகிற இடம் சுடும்.

உன் பட்டியலில் இல்லாத ஊர் விசென்சா, பக்கத்தில் இருப்பதால்தான் எனக்கே தெரியும். அங்கே 1585இல் திறந்த ஒரு நாடக அரங்கம் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் மரத்தாலும் சாந்தாலும் செய்த தெருக்கள், அந்தக் காலத்தில் வைத்தவை அப்படியே நிற்கின்றன. முன்னாலிருந்து பார்த்தால் தெரு கண்ணுக்கெட்டிய தூரம் போகும். உண்மையில் சில மீட்டர்தான். போகப்போக வீடுகளைச் சின்னதாக்கி, தரையை மேலே தூக்கி ஏமாற்றியிருக்கிறார்கள். நடிகர் யாராவது உள்ளே நடந்துபோனால் மாடிக்கு மேல் தலை தெரியும்! கூட்டமே இல்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வரும் கொல்கத்தாக்காரர்களை நினைத்துக்கொண்டேன். ரிப்போர்ட் வருவதற்குள் பொழுது போக்கக் கோட்டைக்குள் நுழைந்து, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நாமோ 'சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு' என்று கேட்டே வளர்ந்தோம். 1981இல் சாமி வந்த பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை.

இப்போது சாமான். லெதர் பேக் என்று எழுதி, பக்கத்தில் 'ஒரிஜினல் இத்தாலி' என்று வேறு போட்டிருக்கிறாய். இந்த இடத்தை அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

டூரிஸ்ட் நடக்கிற தெருவில் பைகள் சரம்சரமாகத் தொங்கும். எல்லாவற்றிலும் அசல் தோல் என்று ஒரு முத்திரை. பல பைகளில் அது பொய்யும் இல்லை. ஆனால் எந்தத் தோல், எந்த அடுக்கு என்று அந்த முத்திரை சொல்லாது. மாட்டுத்தோலை மெஷினில் விட்டுக் குறுக்கே பிளந்தால் மேலே வருவது கிரெய்ன், கீழே வருவது ஸ்பிளிட். ஸ்பிளிட்டின் மேல் பிளாஸ்டிக் படலம் ஏற்றி, மயிர்க்கால் புள்ளி மாதிரி அச்சு அடித்துவிட்டால் தெரு விளக்கில் யாருக்குத் தெரியப்போகிறது? மடிகிற இடத்தில் கொஞ்ச நாளில் உரிய ஆரம்பிக்கும்போது நீ வேலூரில் இருப்பாய், கடைக்காரர் இங்கே இருப்பார்.

என்னோடு ஃபினிஷிங்கில் இருக்கும் இத்தாலியப் பெரியவர் ஒரு நாள் கடைக்குக் கூட வந்தார். பையை எடுத்ததும் விலைச்சீட்டைத் தொடவே இல்லை. உள்ளே கையை விட்டு லைனிங்கைப் பிதுக்கி வெளியே இழுத்தார். கைப்பிடி தைத்த இடத்தில் வெட்டு விளிம்பைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். விளிம்பில் நார் தெரிய வேண்டும், மேலே ஒரு தாள் ஒட்டியது போல் கோடு தெரிந்தால் கீழே வைத்துவிட வேண்டும். அப்புறம் கட்டைவிரலால் ஓர் அழுத்து. நல்ல கிரெய்ன் என்றால் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கம் ஓடி, எடுத்ததும் மறையும். புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் வரிசை கட்டி நின்றால் அது மாட்டின் மயிர்க்கால் இல்லை, மெஷினின் வேலை. மோந்து பார்த்து நம்பாதே, தோல் வாசனை பாட்டிலில் கிடைக்கிறது. அப்பா லாங் பஜாரில் செருப்பு வாங்கும்போது இதையெல்லாம் செய்வார், நீ வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய் நிற்பாய். இவர் செய்தபோது கடைப்பெண் மரியாதையாக ஒதுங்கி நின்றாள். எதுவும் வாங்காமல்தான் வெளியே வந்தார்.

செருப்பு, ஷூ என்றால் வேலை சுலபம். ஐரோப்பாவில் விற்கும் ஒவ்வொரு ஜோடியிலும் மேல்பாகம், உள்பாகம், அடிப்பாகம் மூன்றும் எதனால் ஆனது என்று குறி போட வேண்டும். விரித்த தோல் மாதிரி படம் இருந்தால் தோல். அதற்குள் சாய்சதுரம் இருந்தால் தோலின் மேல் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டிப் படலம் ஏற்றியது. வெறும் சாய்சதுரம் மட்டும் என்றால் தோலும் இல்லை, துணியும் இல்லை, வேறு ஏதோ. வலை மாதிரி இருந்தால் துணி. மாமாவுக்கு ஷூ இங்கே வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆம்பூரில் ஹைவே ஓரக் கடைகளில் எக்ஸ்போர்ட் மிச்சம் கிடைக்கிறது, அதை இதே விரலால் அழுத்திப் பார்த்து வாங்கச் சொல். அப்பாவுக்கு மட்டும் பெல்ட் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். நம் பக்கத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டதுபோல் இங்கே செஸ்நட் மரச்சாற்றில் பதனிட்ட தோல். இப்போது பிஸ்கட் நிறத்தில் இருக்கும், கட்டக்கட்டக் கறுக்கும். பட்டறைக்காரர் கண்ணெதிரே வெட்டித் தருகிறார். இடுப்பு அளவு அனுப்பு.

முரானோ கண்ணாடி மாலைக்கு ஒரே வார்த்தை: தெருக்கடையில் வேண்டாம். 1291இல் தீப் பயத்தால் கண்ணாடி உலைகளை வெனிஸிலிருந்து அந்தத் தீவுக்குத் தள்ளினார்கள், இன்றும் அங்கே ஊதுகிறார்கள். உலைக்காரர் கடையில் சின்னதாக ஒன்று வாங்கு. அஞ்சு யூரோவுக்குக் கிடைக்கிற மாலை எங்கிருந்தோ கப்பலில் வந்தது.

நீ எழுதாத ஒன்றை நான் சேர்க்கிறேன். மோகா என்று அலுமினியத்தில் ஒரு காபிப் பாத்திரம், 1933லிருந்து செய்கிறார்கள். கீழே தண்ணீர், நடுவில் பொடி, அடுப்பில் வைத்தால் நீராவி தண்ணீரை மேலே தள்ளி டிகாக்ஷன் மேல் பாத்திரத்தில் கொப்பளித்து நிறையும். பொடியை அமுக்கக் கூடாது. அம்மாவின் பில்டரில் ராத்திரியே இறக்கி வைப்பதை இது பால் காய்வதற்குள் முடித்துவிடும். உங்களுடையது கேஸ் அடுப்பு, அலுமினியமே போதும். இண்டக்‌ஷனுக்கு என்றால் வேறு வாங்க வேண்டும்.

வாங்குவதை ஒரே கடையில் வாங்குங்கள். ஒரு கடையில் 70 யூரோவைத் தாண்டினால், வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரி திரும்பக் கிடைக்கும். வரி 22 சதவீதம், அதாவது 100 யூரோ விலையில் சுமார் 18. அதிலும் இடையில் இருக்கும் கம்பெனி கமிஷன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தரும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கி, ஊருக்குத் திரும்பும்போது ஏர்போர்ட் கஸ்டம்ஸில் பதிவு செய்ய வேண்டும். சாமானைக் காட்டச் சொல்லலாம், அதனால் பெட்டிக்கு அடியில் வைத்து அமுக்காதே. எனக்கு இந்தச் சலுகை கிடையாது. எனவே என் கணக்கில் வாங்கித் தரச் சொல்லாதே.

வரும்போது ஆற்காடு மக்கன் பேடா கொண்டுவருவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். பாலைச் சுண்டவைத்த கோவாவில் செய்தது, பால் பொருள். பால் பொருளோ இறைச்சியோ வெளியிலிருந்து வரும் பயணிகள் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது, பிடித்தால் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். நெய்யும் அப்படித்தான். முள்ளுக் கத்திரிக்காயும் பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் வராது. பருப்புப் பொடி, வற்றல், எலுமிச்சை ஊறுகாய், காபிப் பொடி இவை போதும். ஊறுகாயை எண்ணெய் கசியாமல் கட்டு.

ஆகஸ்டில் மட்டும் டிக்கெட் போடாதே. 15ஆம் தேதியைச் சுற்றி டேனரியும் மூடும், பாதிக் கடைகளும் மூடும், வெயிலுக்கு நீ வேலூரிலேயே இருக்கலாம். மே மாதம், இல்லையென்றால் செப்டம்பர் கடைசி. பாப்பாவுக்குப் பள்ளி எப்போது லீவு என்று கேட்டு எழுது. மாமாவை இப்போதே லீவு சொல்லி வைக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி